பதினேழு அடி

ஆராய்ச்சிக்கென்று ஒரு பெண் தாள் கொடுத்துவிட்டுப் போனாள்,
நாகர்கோவில் ஸ்டேடியத்தில், பரிசளிப்பு முடிந்து
பந்தல்காரர்கள் கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்த நேரம்.
முப்பத்தாறு கேள்வி. ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டம் போட வேண்டும்.
பெயர்: பெல்சிட்டா.
நிகழ்ச்சி: நீளம் தாண்டுதல்.
இடம்: மூன்று.
இதுவரை சுலபம்.

'போட்டியின்போது வேறு எண்ணங்கள் குறுக்கிட்டன.'
ஐந்தைச் சுற்றினேன். பேனா தாளைக் கிழித்தது.
ஓடுபாதை முனையில் போய் நின்றால் போதும்,
உள்ளே ஒருத்தி வாயைத் திறப்பாள்:
எட்டீ, தக்கலையில பலகைய மிதிச்சது ஓர்மை இருக்கா?
ரெக்ஸ்லின் ஷூவப் பாத்தியா, புதுசு.
தபால் ஆபீஸ் வேலைக்கு இந்த சர்டிபிகேட் காணுமா?
வாயை மூடு என்பேன்.
அதுவும் அவள் குரலில்தான் கேட்கும்.
இரண்டு வருஷம் இப்படியே போயிற்று.

ஒருநாள் வடசேரியில்
இரணியல் பஸ்ஸுக்கு நிற்கும்போது பிடிபட்டது.
தக்கலை வருகிறது, மார்த்தாண்டம் வருகிறது,
களியக்காவிளை, களியக்காவிளை என்று
கதவில் தொங்கியபடி கண்டக்டர் என்னைப் பார்த்தே கூவுகிறார்.
போர்டைப் படிக்கிறேன். ஏறவில்லை.
அவர் மேல் கோபமும் இல்லை.
பஸ் தன்பாட்டுக்குப் போகிறது.
கால் தரையில் இருக்கிறது. பையின் வார் தோளில் உறுத்துகிறது.
பக்கத்தில் யாரோ ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம் பிரிக்கிறார்கள்.
அவ்வளவுதான்.

மறுநாள் முனையில் நின்று அதையே செய்தேன்.
ரெக்ஸ்லினின் ஷூ வந்தது. போர்டைப் படித்தேன். விட்டேன்.
சில நாள் ஏறிவிடுவேன்,
டிக்கெட் எடுத்த பிறகுதான் தெரியும்.
இறங்கி நடந்து வர வேண்டும்.
அந்த நடையும் பயிற்சியில் சேர்த்தி.

'நேரம் வழக்கத்துக்கு மாறாக நகர்ந்தது.'
அதற்குத்தான் வருகிறேன்.

நான்காவது தாண்டல்.
ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்த காற்று
காற்றாலைகளுக்குக் கொடுத்தது போக மிச்சத்தை
என் முதுகில் கொட்டிக்கொண்டிருந்தது.
எண்ணித்தான் தொடங்கினேன்.
ஒன்று. இரண்டு.
ஏழுக்கு மேல் எண் இல்லை,
எண்ணுகிறவளும் இல்லை.
தரைதான் வந்து வந்து காலைத் தொட்டது.
பலகையின் வெள்ளை,
பிறகு
மேலே.
வெளியே ரோட்டில் ஒரு ஆட்டோ ஹாரன்
தொடங்கியது, நீண்டது, முடிந்தது.
முழுசாகக் கேட்டேன்.
மணலில் உட்கார்ந்தபோது ஏனோ சிரிப்பு வந்தது.
திரும்பினேன்.

சிவப்புக் கொடி.

களிப்பட்டையில் என் ஷூ முனை,
ஒரு நகக்கண் அளவு.
நாடா விரியவில்லை.
என் ஆயுசின் மிக நல்ல தாண்டல்
மண்வாரியின் இரண்டு இழுப்பில் சமமாயிற்று.

ஆறாவதில் எல்லா பஸ்ஸும் வந்தது.
தக்கலை, முட்டி வலி, தபால் ஆபீஸ்,
'போனதடவ மாதிரியே தாண்டு' என்று
புதிதாக ஒரு பஸ், அதுதான் எல்லாவற்றிலும் கூட்டம்.
ஏறாமல் ஓடினேன், அல்லது
ஏறி இறங்கி ஏறி ஓடினேன்.
ஐந்து மீட்டர் இருபத்தொன்று.
ஓடியது பதினேழு அடி.
தாண்டியதும், பழைய கணக்கில், பதினேழு அடி.
வெண்கலம்.

'நான் சிறப்பாகச் செயல்பட்டேன்.'
எந்தத் தாண்டலைக் கேக்கிய என்று அவளிடம் கேட்டேன்.
"மொத்தமா போடுங்கக்கா" என்றாள்.
மொத்தமாகப் போட வரவில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
அளக்காத தாண்டலுக்கு ஐந்து. அளந்ததுக்கு மூன்று.
அவள் படித்துவிட்டு,
"கம்ப்யூட்டர் இத எடுக்காதுக்கா" என்றாள்.
சரி, இருக்கட்டும் என்றேன்.

வடசேரியில் இருட்டிவிட்டது.
எட்டீ, அந்த நகக்கண்ண மட்டும் பின்னால வச்சிருந்தா…
படித்தேன். போனது.
அடுத்தது வந்தது, போனது.
இரணியல் போர்டோடு ஒன்று திரும்பி நின்றது.
பதக்கத்தைப் பைக்குள் தள்ளினேன்.
இதில் ஏற வேண்டும்.